படைப்பு எங்கே என்று கேட்ட அப்பாவுக்கு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் சரக்குக் கிடங்காக இருந்த இடத்தில் நடக்கும் ஒரு கலைக்காட்சிக்கு, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவை அழைத்துப் போயிருக்கிறீர்கள். இருட்டான பெரிய அறை, மெல்லிய புகைமூட்டம், எங்கோ ஒரு மூலையிலிருந்து வெளிச்சம், உட்கார ஒரு நீண்ட பெஞ்சு. அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், “படைப்பு எங்கே?” என்று கேட்டார், ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். இப்படிப்பட்டவற்றை ஏன் கிடங்கிலும் மின் நிலையத்திலும் கொண்டுபோய் வைக்கிறார்கள், இவற்றில் என்னதான் பார்க்க வேண்டும், அவரை மறுபடி அழைத்துப் போவதில் பயன் உண்டா என்று கேட்கிறீர்கள்.

அவர் பார்த்த இடம் சரியான இடம்தான். ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் இந்த வகை நிறுவல் கலையில் கூரையும் தரையும் பாதிப் படைப்பு. மீதிப் பாதிக்கு நேரம் வேண்டும். அந்த நேரம் ஏன் தேவைப்படுகிறது என்பதற்குக் கண்ணின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தரை. நியூயார்க்கில் ஊஸ்டர் தெருவில் உள்ள ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் 1977-இல் வால்டர் டி மரியா என்ற கலைஞர் மண்ணைக் கொட்டி நிரப்பினார். வெறும் மண். ஏறத்தாழ 335 சதுர மீட்டர் பரப்பில் 56 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது இன்றும் அப்படியே கிடக்கிறது. வாசலில் முழங்கால் உயரக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், உள்ளே கால் வைக்க முடியாது. மண்ணின் எடை 127 டன். வகுத்துப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 380 கிலோ. குடியிருப்பு வீடுகளின் தளத்தை, ஆட்களும் தட்டுமுட்டுச் சாமான்களும் சேர்த்து, சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை ஏறும் என்று கணக்கிட்டுத்தான் கட்டுவது வழக்கம். சரக்குக் கிடங்கின் தளம் இதைப்போலப் பல மடங்கு தாங்கும்படி போடப்படுகிறது. நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் அந்த மண்ணைக் கொட்டினால் கீழ்வீட்டுக்காரர் நகர மன்றத்துக்குப் புகார் எழுதுவதற்கு முன்பே தளம் புகார் சொல்லிவிடும்.

ஆகவே முதல் காரணம் தத்துவம் எதுவும் இல்லை, பொறியியல். பளு தாங்கும் தளம், தூண்கள் தள்ளித் தள்ளி நிற்கும் அகலம், சரக்கை அடுக்குவதற்காக விட்ட உயரம், ஜன்னல் குறைவு என்பதால் எளிதாகக் கிடைக்கும் இருட்டு, லாரியே பின்பக்கமாக வந்து நிற்கக்கூடிய வாசல், ஃபோர்க்லிஃப்ட் ஏறும் மின்தூக்கி. இத்தனையும் ஒரே இடத்தில் கிடைப்பது பழைய தொழிற்கூடங்களில்தான். இத்தாலியின் மிலான் நகரில், ரயில் இயந்திரம் செய்த தொழிற்சாலையாக இருந்த ஹாங்கர் பிக்கோக்காவில் அன்செல்ம் கீஃபர் என்ற ஜெர்மன் கலைஞர் 2004-இல் ஏழு கான்கிரீட் கோபுரங்களை எழுப்பினார். ஒவ்வொன்றும் 90 டன், 14 முதல் 18 மீட்டர் உயரம். ஓவியம் மாட்டுவதற்கென்று கட்டிய அரும்பொருளகம் எதிலும் இது நடக்காது. அந்தக் கோபுரங்களின் கான்கிரீட் பாகங்களை அவர் வார்த்தெடுத்தது கப்பல் கொள்கலன்களையே அச்சாக வைத்து. கொள்கலனின் சுவரில் ஓடும் நெளிவு வரிகள் கான்கிரீட்டில் அப்படியே பதிந்திருக்கின்றன. துறைமுகத்தில் வேலை பார்த்தவர் படத்தில் பார்த்தாலும் ஒரு கணத்தில் அடையாளம் கண்டுகொள்வார். அடுக்குகளுக்கு நடுவே ஈயத்தால் செய்த புத்தகங்களைச் செருகியிருக்கிறார். பாழடைந்த நகரம் ஒன்றுக்குள் தலை நிமிர்த்தி நடப்பதுதான் அங்கே பார்வையாளரின் வேலை.

இரண்டாவது காரணத்தைக் கலைத்துறையினர் மேடையில் அவ்வளவு விரும்பிச் சொல்லமாட்டார்கள்: வாடகை, நிலம். ஒரு தொழில் இடம் மாறிப் போகிறது, அந்த நிலத்தில் அடுத்து என்ன வரும் என்பது முடிவாகி நடக்கச் சில ஆண்டுகள் ஆகும், அந்த இடைவெளியில் கலைக்கு இடம் கிடைக்கிறது. சிங்கப்பூரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தஞ்சோங் பகார் முனையத்தில் 1972 ஜூன் 23 அன்று எம்.வி. நிஹோன் என்ற கப்பல் வந்து நின்றது. தென்கிழக்காசியாவின் முதல் கொள்கலன் முனையம் அன்றுதான் தன் முதல் கப்பலைக் கண்டது. இப்போது நகரை ஒட்டிய முனையங்கள் 2027-க்குள் தீவின் மேற்குக் கோடியில் உள்ள துவாஸுக்குப் போக வேண்டும் என்பது திட்டம். காலியாகும் கரையோரத்தில் வீடுகளும் பூங்காக்களும் வரப்போகின்றன. 1996 முதல் பிராஸ் பசா சாலையில் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் இருந்த சிங்கப்பூர் கலை அரும்பொருளகம், 2022 ஜனவரியில் கெப்பல் சாலையில் உள்ள தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க் என்ற கிடங்குக் கட்டடத்தில் காட்சிக்கூடங்களைத் திறந்தது இந்தப் பின்னணியில்தான். அந்தக் கட்டடம் முழுக்க ‘முன்னாள்’ கிடங்கு என்று சொல்வதும் சரியாகாது. கலைக்கூடங்களுக்குப் பக்கத்திலேயே சரக்கு ஏற்றி இறக்கும் மேடைகள் இருக்கின்றன, லாரிகள் வந்து போகின்றன. மேல்தளத்திலிருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும்.

இதற்கு முன்பும் இங்கே இப்படி நடந்திருக்கிறது. ஆர்மீனியன் ஸ்திரீட்டில் 1926-இல் கட்டிய துணை மின் நிலையம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. தமிழும் ஹொக்கியனும் மலாயும் மாண்டரினும் ஒரே மேடையில் பேசும் நாடகத்தை 1988-லேயே நமக்குத் தந்த குவோ பாவ் குன் 1990-இல் அதைக் கலைமையமாக்கினார். ‘சப்ஸ்டேஷன்’ என்ற பெயரையே வைத்துக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகள் ஓடி, 2021-இல் அந்த இடத்தைக் காலி செய்தார்கள். முகமது சுல்தான் சாலையில் பழைய அரிசிக் கிடங்கு நாடகக் குழு ஒன்றின் இடமானது. ராபர்ட்சன் கீயில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிடங்கு அச்சுக்கலைக் கூடமானது. எல்லாக் கட்டடங்களுக்கும் கலை வாய்த்துவிடவில்லை. 1927-இல் நிலக்கரியில் ஓடத் தொடங்கிய செயின்ட் ஜேம்ஸ் மின் நிலையம் இரவு கேளிக்கை விடுதியாக இருந்து, இப்போது தூசு உறிஞ்சும் கருவி விற்கும் நிறுவனம் ஒன்றின் தலைமை அலுவலகம்.

இனி நேரத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பா ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார் என்றீர்கள். வெயிலிலிருந்து இருட்டறைக்குள் நுழையும் கண் முதலில் தன் பாவையை, அதாவது நடுவிலுள்ள கரிய துளையை, விரிக்கிறது, அது சில நொடிகளில் முடிந்துவிடும். நிறம் காணும் கூம்பு செல்கள் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் போலாகும். மங்கிய ஒளியில் காணும் கோல் செல்கள் முழுதாக விழித்துக்கொள்ள இருபது முதல் முப்பது நிமிடம். வயது கூடக்கூட இது இன்னும் மெதுவாகும். அதாவது அவருடைய கண்கள் அந்த அறையைப் பார்க்கத் தயாராவதற்கு முன்பே அவர் அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். மங்கலான ஒளியை வைத்து வேலை செய்யும் கலைஞர்கள் இதைக் கணக்கில் வைத்துத்தான் விளக்கை அமைக்கிறார்கள். முதல் நிமிடத்தில் சாம்பல் நிறச் சுவராகத் தெரிந்தது பதினைந்தாம் நிமிடத்தில் ஆழமுள்ள வெளியாகத் தெரியும். பெஞ்சை அலங்காரத்துக்கு வைத்திருக்கமாட்டார்கள்.

இந்தக் காத்திருப்பில் நடப்பது கண்ணுக்கு மட்டும் இல்லை. ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் 2024-இல் தஞ்சோங் பகாரில் பெரிய தனிக்காட்சி நடத்தினார், நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அவர் 1993-இல் செய்த ஒரு படைப்பில் இருட்டறை ஒன்றில் மேலிருந்து மெல்லிய நீர்த்தூவல் திரைபோல இறங்கிக்கொண்டே இருக்கும், ஒரே ஒரு விளக்கு. வாசலில் நின்றால் வெறும் தூறல். இரண்டு அடி நகர்ந்தால் அதில் வானவில் தெரியும். இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால் மறைந்துவிடும். நீர்த்துளிக்குள் புகுந்து திரும்பும் சிவப்பொளி ஏறத்தாழ 42 டிகிரி கோணத்தில்தான் வெளியே வருகிறது. அந்தக் கோணத்தில் கண் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உங்களுக்குத் தெரியும் வானவில்லும் பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்குத் தெரியும் வானவில்லும் ஒரே துளிகளிலிருந்து வருபவை இல்லை. அறையில் யாரும் இல்லையென்றால் அங்கே வானவில்லும் இல்லை. ‘படைப்பு எங்கே?’ என்ற கேள்விக்கு இயற்பியலே பதில் சொல்லும் அபூர்வமான இடம் அது: நீங்கள் நிற்கிற இடத்தில்.

அதே எலியாசன் 2003-இல் லண்டனின் டேட் மாடர்ன் கலை அரும்பொருளகத்தில், அது மின் நிலையமாக இருந்த காலத்தில் சுழலிகள் ஓடிய கூடத்தில், சூரியன் ஒன்றை அமைத்தார். ஏறத்தாழ 200 ஒற்றை அலைவரிசை விளக்குகள், கூரை முழுக்கக் கண்ணாடி. மஞ்சளைத் தவிர மற்ற நிறங்கள் எல்லாம் அற்றுப்போகும் ஒளி அது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பலர் தரையில் மல்லாந்து படுத்துக் கூரையில் தங்கள் பிம்பத்தைத் தேடினார்கள். கூரையைப் பார்த்த உங்கள் அப்பாவுக்கு நல்ல துணை உண்டு என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன்.

சிலர் இதையெல்லாம் சிதம்பர ரகசியத்தோடு ஒப்பிட்டு எழுதுகிறார்கள். திரையை விலக்கினால் வெற்றிடம், அதுவே தரிசனம், அதுபோலத்தான் இதுவும் என்கிறார்கள். எனக்கு அந்த ஒப்பீடு பிடிப்பதில்லை. தில்லையின் வெற்றிடத்துக்குப் பின்னால் நூற்றாண்டுகளின் வழிபாடும் தேவாரமும் நிற்கின்றன, அது என்றைக்குமே வெற்றிடமாகவே காக்கப்பட்ட இடம். கிடங்கு அப்படி இல்லை. அது நிரம்பியிருந்த இடம். மூட்டையும் வியர்வையும் கூச்சலும் இருந்து, பிறகு காலியான இடம். அந்தக் காலியை அமைதி என்று பெயரிட்டு நம்மை உட்காரச் சொல்லும்போது, யாருடைய வேலை ஓய்ந்ததால் இந்த அமைதி கிடைத்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. துறைமுகத்து மனிதர் ஒருவர் தரையைப் பார்த்துவிட்டுப் படைப்பு எங்கே என்று கேட்டதில் இந்தக் கேள்வியும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

தமிழர்களுக்கு அந்த வட்டாரம் அயலான இடம் இல்லை. தஞ்சோங் பகார் கப்பல் துறை நிறுவனம் 1864-இல் தொடங்கியது. அதன் பிறகான பல பத்தாண்டுகளில் அந்தத் துறையில் கப்பலுக்குக் கரி ஏற்றியவர்களிலும் சரக்கு இறக்கியவர்களிலும் நம்மவர்கள் கணிசம். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள் தஞ்சோங் பகாரில் ஓர் ஊராகவே வாழ்ந்தன. 1946-இல் அவர்கள் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை நடந்தது. அங்கே படித்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வட்டாரத்தின் கிடங்கு ஒன்றில் புகை விட்டு விளக்கு வைத்து, சுவரில் ‘காலமின்மை’ பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதி ஒட்டினால் எனக்குச் சற்று எரிச்சல் வரும். காலம் இல்லாத இடமா அது? ஷிப்ட் மணி அடித்துக் காலத்தை அளந்த இடம்!

ஆகவே இந்த வகைப் படைப்புகளை நான் பிரிக்கும் முறை எளியது. கட்டடத்தின் உழைப்பைக் கேட்கவிடுபவை ஒருபக்கம், அதைத் துடைத்துவிட்டுச் சிமெண்டுச் சுவரை மட்டும் அழகுக்கு வைத்துக்கொள்பவை மறுபக்கம். இரண்டாவது வகை படம் பிடிக்க நன்றாக இருக்கும், அதோடு சரி. முதல் வகைக்கு ஓர் உதாரணம், கேரளத்தில் கொச்சி-முசிறிஸ் பினாலே (ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக்காட்சி) முதன்முதலில் நடந்த 2012-இல் ஷீலா கவுடாவும் கிறிஸ்தோஃப் ஸ்டோர்ட்ஸும் வைத்தது. பெங்களூரு வீடுகளில் மிக்ஸியும் கிரைண்டரும் வந்தபின் தெருவோரம் தள்ளப்பட்ட ஆட்டுக்கற்களைத் திரட்டி, நறுமணப் பொருள் வணிகம் நடந்த ஊருக்குக் கொண்டுவந்து போட்டார்கள். அவ்வளவுதான். ஆனால் ஒரு ஆட்டுக்கல்லின் குழியைக் கிட்டே குனிந்து பாருங்கள். விளிம்பு சொரசொரப்பாகக் கொத்து விழுந்ததாக இருக்கும். உள்ளே இறங்க இறங்க வழவழப்பாகி, குழவி சுற்றிய பக்கம் சற்றுச் சாய்ந்து தேய்ந்திருக்கும். ஒரு பெண்ணின் தோள் எந்தப் பக்கம் பாரம் கொடுத்தது என்பதைக் கல் எழுதி வைத்திருக்கிறது. அதைக் கிடங்குக்கு வெளியே ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் பழம்பொருள். சரக்கு வந்து போன இடத்தில் கேட்பாரற்ற சரக்காகக் கிடக்கும்போதுதான் அது பேசுகிறது.

நம் ஊரிலும் இருக்கிறது. ஹோ சூ நியென் 2023 கடைசியில் தஞ்சோங் பகாரில் நடத்திய காட்சியின் வேர் ஒரு பழைய மரச்செதுக்குப் படம். 1835-இல் காட்டுக்குள் சாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த பொதுப்பணி அதிகாரி ஜார்ஜ் கோல்மனின் குழு மீது புலி பாய்ந்ததை அது காட்டுகிறது. பாய்ந்த புலியையும் பதறிய துரையையும் எல்லோரும் பார்ப்பார்கள். அவரைச் சுற்றிச் சிதறி ஓடுபவர்கள் இந்தியாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட கைதித் தொழிலாளர்கள். இந்த நகரின் சாலைகளைப் போட்டவர்கள். ஹோவின் படைப்பு அவர்களையும் புலிக்குச் சமமாகப் பார்க்கவைக்கிறது. இருட்டில் உட்கார்ந்து பார்க்கும் படைப்புதான் அதுவும், ஆனால் அந்த இருட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். இன்னொருவர் பிரியகீதா தியா. 2017-இல் வீவக புளோக் ஒன்றின் படிக்கட்டைத் தங்கத் தாளால் மூடி ஊரையே வாதிடவைத்த தமிழ்ப் பெண். பிறகு மலாயா தோட்டங்களில் ரப்பர் வெட்டிய தமிழர்களின் வரலாற்றைக் கணினி அசைபடங்களாக்கி, 2024-இல் வெனிஸ் பினாலேயின் இணைக்காட்சி ஒன்று வரை போனார். அவர் பெயரைக் காட்சிப் பட்டியலில் பார்த்தால் அப்பாவோடு போங்கள்.

மண் நிரம்பிய நியூயார்க் மாடியைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அந்த மண் தானாக அப்படிக் கிடக்கவில்லை. ஒருவர் தண்ணீர் தெளிக்க வேண்டும், வாரிச் சமன்படுத்த வேண்டும், முளைக்கும் காளானைப் பிடுங்க வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்த வேலை நடக்கிறது. தஞ்சோங் பகாரில் நீங்கள் பார்த்த புகைக்கும் அப்படித்தான். கருவியில் திரவம் ஊற்ற ஒருவர், ஈரம் தரையில் படிந்தால் துடைக்க ஒருவர், பொறியைச் சரிபார்க்க ஒருவர் இருந்தாக வேண்டும். அமைதிக்கும் ஷிப்ட் உண்டு. அறை மூலையில் நிற்கும் காட்சிக்கூட ஊழியரிடம் காலையில் இதை எப்படித் தொடங்குகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், சுவரில் ஒட்டிய விளக்கத்தைவிட அதிகம் கிடைக்கும்.

அழைத்துப் போவதென்றால் சில நடைமுறை விஷயங்கள். சனி, ஞாயிறு பிற்பகலைத் தவிருங்கள். வரிசை நிற்கும் காட்சியில் யாரும் இருபது நிமிடம் உட்கார முடியாது. விளக்கப் பலகையைக் கடைசியில் படியுங்கள். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், அதை நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லத் தொடங்கினால் அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார், அறையைப் பார்க்கமாட்டார். உள்ளே குளிர் அதிகம், மேல்சட்டை வேண்டும். நுழைந்ததும் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள்: டயர் தடம் இருக்கிறதா, மஞ்சள் கோடு போட்ட சுவடு இருக்கிறதா, இரும்பு விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று. இவை எதனால் ஆனவை என்று அவர் சொல்வதை மெதுவான குரலில் பேசிக்கொண்டே கேட்கலாம், அது விதிமீறல் இல்லை. பேசாமல்தான் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டது. சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கலை அரும்பொருளகத்தின் பொது அனுமதி இலவசம். சிறப்புக் காட்சிகளுக்கு மட்டும் தனி டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போய் உட்காரப் பிடிக்கவில்லை என்றால் காலாங் ஆற்றோரப் பூங்காவுக்குப் போகலாம். 1862-இல் தொடங்கி 1998 வரை நகருக்கு எரிவாயு கொடுத்த காலாங் எரிவாயு ஆலை இருந்த பகுதி அது. அந்த ஆலையின் இரும்புப் பாகங்களை வைத்துச் செய்த சிற்பம் ஒன்று அங்கே புல்வெளியில் நிற்கிறது. டிக்கெட்டும் இல்லை, இருட்டும் இல்லை, காலை ஏழு மணிக்கு வெயில் ஏறுவதற்குள் போய்விட்டால் போதும்.